ஆப்பிரிக்காவுக்குத் தனியாகப் போகலாம், காகிதங்கள் சரியாக இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காடு, விலங்குகள், விடுதிகள் எல்லாம் விரிவாக இருந்தன. ஆனால், தனியாகப் போகும் பெண்களுக்கு அது ஏற்ற இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் தனியாகத்தான் போய் வந்தேன். நைரோபியில் இருட்டிய பிறகு தெருவில் நடக்காமல் டாக்ஸி பிடிப்பது போன்ற கவனம் வேண்டும், சரி. ஆனால் பயணியை உண்மையில் தடுத்து நிறுத்துவது திருடனோ சிங்கமோ இல்லை, விசா, தடுப்பூசிச் சான்றிதழ் போன்ற காகிதம் சரியாக இல்லாததுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

என் பயணத்தில் ஒரு நாள் காலையில் ருவாண்டாவின் கிகாலி, பகலில் உகாண்டாவின் என்டெபே, இரவில் கென்யாவின் நைரோபி என்று அமைந்தது. இந்த மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு. கட்டணம் 100 டாலர், 90 நாள் செல்லும். முதலில் இறங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று நாடுகளுக்குள் போய் வரலாம். நடுவில் தான்சானியாவுக்குப் போனால் அதோடு விசா முடிந்தது. டாலர் நோட்டும் புதிதாக இருக்கட்டும். பழைய அச்சு நோட்டுகளையும், கிழிந்து கசங்கியவற்றையும் பல இடங்களில் தொடவே மாட்டார்கள்.

கிகாலி விமான நிலையத்தில் முனையத்துக்கு வெளியிலேயே டாக்ஸியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். பெட்டிகளை மோப்ப நாய் முகர்ந்து பார்த்த பிறகுதான் வழிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புவது நல்லது. பிளாஸ்டிக் பைக்கு ருவாண்டாவில் 2008 முதலே தடை; கென்யாவில் 2017 முதல். பருப்புப் பொடியையும் முறுக்கையும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகும் நம் வழக்கம் அங்கே எடுபடாது. மஞ்சப்பையே போதும்.

என்டெபேவுக்குப் பறக்கும் நேரம் குறைவுதான், ஆனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அடுத்த விமானத்தை நெருக்கமாகப் போட்டவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கிகாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே, என்டெபே ரேகையை ஒட்டினாற்போல் வடக்கே, நைரோபி மறுபடியும் தெற்கே. என்டெபே ஓடுபாதை விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. இறங்கும்போது ஜன்னலில் வெகுநேரம் தண்ணீர்தான் தெரிந்தது. கடல் என்றே சொல்லலாம், அத்தனை அகலம்.

இறங்கியதும், பாஸ்போர்ட் வரிசைக்கு முன்பே ஒரு சிறு மேசை. அங்கே உட்கார்ந்திருந்த சுகாதாரப் பணியாளர் முதலில் கேட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் புத்தகத்தைத்தான். பெயரை பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார். ஊசி போட்ட தேதியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், அப்புறம் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்த இளைஞரிடம் அது இல்லை. அவரைத் தனியே உட்கார வைத்தார்கள். நைரோபியிலும் கேட்டார்கள், உகாண்டாவிலிருந்து வருகிறோம் என்பதால்.

இந்தியா திரும்பும்போது இன்னும் கறார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காய்ச்சல் இந்தியாவில் பரவியதில்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தெருவெல்லாம் இருக்கிறது, டெங்குவைப் பரப்புவதும் அதுதான். ஊசி ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016-இல் விதி மாறியது. ஆனால் போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கிளம்புகிற வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டுப் பயனில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

விமானக் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைரோபி விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்க நைரோபிக்கு இரவுப் பேருந்தில்தான் போவாராம், அவசரம் என்றால் மட்டும் விமானம். பக்கத்து நாட்டுக்குப் பறக்க ஏன் இத்தனை செலவு என்று வருத்தப்பட்டார். வானத்தைத் தங்களுக்குள் திறந்துவிட வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் 1999-இல் ஐவரி கோஸ்ட் நாட்டின் யமுசுக்ரோ நகரில் முடிவெடுத்தன. 2018-இல் ஒரே விமானச் சந்தையும் தொடங்கப்பட்டது. ஆனாலும் பல அரசுகள் தங்கள் விமான நிறுவனத்தைக் காக்கப் போட்டியாளருக்கு அனுமதி தரத் தயங்குகின்றன, விமான நிலைய வரிகளும் அதிகம். வருகிற பயணிக்கு இது கூடுதல் செலவு. அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கோ பிழைப்பே இதில் அடங்கியிருக்கிறது.

தனியாகப் போகாதே என்று எழுதுவதைவிட, எதையெல்லாம் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதுவது வாசகர்களுக்கு உதவும். இனி இப்படிக் கட்டுரை வரும்போது, பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக விசா விவரத்தையும், தமிழ்நாட்டில் இந்த ஊசி போடும் அரசு மையங்களின் முகவரியையும் வெளியிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி கிங் நிலையம் தெரியும். வெளியூர்க்காரர்கள் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.