வீட்டுப் பெரியவர்களுக்கு இணையம் பழக்குவது பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முதல் ஸ்மார்ட்போன் வாங்கிப் போகிறவர்கள் பலர், இரண்டாம் வாரமே திரும்பி வந்து "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மறந்துடறாங்க" என்று வருத்தப்படுகிறார்கள். பெரும்பாலும் அது மறதி இல்லை. உள்ளே போகும் வழியை நாம் காட்டியிருப்போம், வெளியே வரும் வழியைக் காட்டியிருக்க மாட்டோம். தெரியாத ஊரில் இறங்கியவருக்கு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழி பிடிபட்டுவிட்டால், மற்ற தெருக்களை அவரே சுற்றிப் பார்த்துக்கொள்வார். அந்த முறையில் பழக்குவது எப்படி என்றுதான் இந்த மடலில் எழுதுகிறோம்.

உட்காருமுன் போனைத் தயார் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குப் போய் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். ஆனால் கடைசி அளவு வரை போகவேண்டாம். சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். அதே பகுதியில் ஸ்கிரீன் டைம்அவுட் பல போன்களில் 30 நொடி என்றிருக்கும். அதை 5 அல்லது 10 நிமிடமாக்குங்கள். ஒரு பத்தியை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டால், எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து போனைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆட்டோ ரொட்டேட்டையும் அணைத்துவிடுங்கள். புதிய போன்கள் பலவற்றில் திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால்தான் பின்னால் வரமுடியும். செட்டிங்ஸில் 'நேவிகேஷன்' என்று தேடி, கீழே மூன்று பொத்தான் தெரியும் முறைக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பொத்தானைத்தான் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர முடியும்.

முதல் நாள் பாடம் விரலுக்கு. பழைய பட்டன் போனில் பழகிய கை, அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று நம்பும். தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை; தோல் தொடும்போது ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தை உணர்கிறது. அதனால் நகத்தால் தட்டினால் ஒன்றும் நடக்காது. விரலின் சதைப்பகுதி படவேண்டும். வயதானவர்களின் விரல்நுனி வறண்டிருந்தால் தொடுகை பதியாமல் போகும். ஈரத்துணியில் லேசாகத் துடைத்துக்கொண்டாலே தேவலை. அழுத்தி அழுத்தித் தொடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விரல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கினால் போன் அதை 'நீண்ட தொடுகை' என்று எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறக்கும், அல்லது செயலியின் படம் இடம்பெயர்ந்துவிடும். "வாட்ஸ்அப் காணாமல் போயிடுச்சு" என்று வருகிற போன்களில் பலவற்றில் அது வேறு பக்கத்துக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆக்சஸிபிலிட்டி பகுதியில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்பதை 'லாங்' என்று வைத்தால் இது நன்றாகக் குறையும். போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரை ஓரத்தில் படுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு விரல் பட்டதாக எண்ணிப் பக்கம் பெரிதாகிக் குழப்பும்.

அடுத்தது பேக் பொத்தான். குரோமில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்து, ஒரு செய்தி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என மூன்று படி உள்ளே போகச் சொல்லுங்கள். பிறகு பேக்கை மூன்று தடவை தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கு வரவேண்டும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் நன்றாகப் பதியும். தினமும் பத்து நிமிடம், நான்கைந்து நாள் இதை மட்டும் செய்தால் போதும். வேறு எதையும் சேர்க்காதீர்கள். இங்கே இரண்டு சிக்கல் வரும். சாம்சங் போன்களில் பேக் வழக்கமாக வலப்பக்கம் இருக்கும், வேறு பலவற்றில் இடப்பக்கம். மகன் தன் போனைப் பார்த்து "இடது பக்கம் அமுக்குங்கப்பா" என்றால் அப்பா போனில் வேறு ஏதோ திறக்கும். இரண்டாவது, கீபோர்டு மேலே வந்திருக்கும்போது பேக்கை ஒருமுறை தொட்டால் கீபோர்டு மட்டும்தான் மறையும், பக்கம் அப்படியே நிற்கும். "பேக் வேலை செய்யல" என்பார்கள். இரண்டாவது முறை தொடவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சொல்லித்தரும்போது போனைக் கையிலிருந்து வாங்காதீர்கள். அவசரத்தில் நாம் மூன்று தட்டில் முடித்துக் கொடுத்தால் அவர்கள் பார்த்தது ஒரு மின்னல், அவ்வளவே. பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொடவேண்டும் என்று ஒரு பேனாவின் பின்முனையால் சுட்டிக்காட்டுங்கள், தொடுவது அவர்கள் விரலாக இருக்கட்டும். படிகளை நீங்கள் எழுதித் தருவதைவிட அவர்கள் கையெழுத்தில், அவர்கள் சொல்லும் பெயரில் எழுதிக்கொள்வது மேல். மெனுவைத் திறக்கும் மூன்று புள்ளியை "முப்புள்ளி" என்றே எழுதட்டும்.

தட்டச்சு பலருக்கும் மலைப்பாக இருக்கும். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக் பொத்தானைக் காட்டுங்கள். மைக்கைத் தொட்டு ஒரு நொடி பொறுத்துப் பேசவேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் விழாமல் போகலாம்.

இனி முகவரி. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். நவம்பர் மாதம் மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று, அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, கொடுக்கும் காலம். அதை இணையவழியே கொடுக்க 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் சேவையைத் தேடும்போது முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அதன் மேலே 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சொல் இருந்தால் தாண்டிப் போகப் பழக்குங்கள். திறந்த பிறகு மேலே முகவரிப்பட்டையைப் படிக்கவேண்டும். கடித உறையில் கடைசி வரி ஊரைச் சொல்வதுபோல, இணைய முகவரியில் (தொடக்கத்தில் https:// தெரிந்தால் அதை விட்டுவிட்டு) முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிதான் அது யாருடைய இடம் என்று சொல்லும். அரசுத்தளம் என்றால் அந்தக் கடைசிப் பகுதி பெரும்பாலும் 'கவ் புள்ளி இன்' (gov.in) அல்லது 'நிக் புள்ளி இன்' (nic.in) என்று முடியும். 'கவ் இன்' என்ற எழுத்துகள் நடுவில் வந்து, அதற்குப் பின் வேறு பெயரும் 'காம்' என்ற முடிவும் இருந்தால் அது அரசுடையது இல்லை. பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று முன்பு சொல்லித்தந்தார்கள். நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்கமுடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். போலித்தளமும் பூட்டோடு வரும். இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடவே வேண்டாம். ஏடிஎம் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"உங்கள் போனில் வைரஸ்" என்று மணிக்கொரு தடவை வரும் அறிவிப்போடு பல போன்கள் எங்களிடம் வருகின்றன. எங்கோ ஒரு தளம் 'அனுமதிக்கவா' என்று கேட்டபோது 'அலவ்' தொட்டிருப்பார்கள். குரோமில் முப்புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்த் தெரியாத தளங்களை நீக்கி, மேலே உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்காது. இதற்காகப் புதிதாக எந்த 'கிளீனர்' செயலியும் போடவேண்டாம்.

யுபிஐ பின் என்பது பணம் கொடுக்கும்போதும் கணக்கில் இருப்பைப் பார்க்கும்போதும் கேட்கப்படும். பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. இதை அவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். கீழே 1930 என்ற எண்ணையும் எழுதுங்கள். பணம் பறிபோனால் உடனே கூப்பிடவேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. நேரம் ஆக ஆகப் பணத்தை நிறுத்திவைப்பது கடினம். தவறு நடந்தால் திட்டுவார்களோ என்று பயந்து இரண்டு நாள் மறைத்துவிடுகிற பெரியவர்கள் உண்டு. "எதுவானாலும் உடனே சொல்லுங்க, யாரும் திட்டமாட்டோம்" என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மேலே சொன்ன அமைப்புகளை மாற்றித்தர நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. காலை 11 மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவு. வரும்போது பெரியவரையும் அவருடைய படிக்கும் கண்ணாடியையும் மறக்காமல் அழைத்து வாருங்கள். எழுத்தின் அளவை அவர் கண்ணுக்குத்தான் வைக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்