வேலையைப் பறித்துவிட்டுத் திருந்தச் சொல்வது நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியதிலிருந்து, ஆன்லைன் ரம்மிப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் அந்தச் சட்டம், ஆடியவரைக் குற்றவாளியாகக் கருதவில்லை. அது மிகச் சரியான முடிவு. ஆனால் சட்டம் மன்னித்த அந்த மனிதரை அவர் வேலை பார்க்கும் இடம் மன்னிப்பதில்லை. கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சூதாட்டப் பழக்கம் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே ஆலை அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுப் பழுதுக்கென்று வைப்பு நிதியில் முன்பணம் கேட்டவர், அடுத்த சில மாதங்களில் மருத்துவச் செலவுக்கென்று மறுபடி மனுப் போடுவார். கூட்டுறவு நாணயச் சங்கத்தில் அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், தங்கள் சம்பளத்தில் பிடித்தம் விழுந்ததும் முறையிட வருவார்கள். இரவு ஷிப்டில் கழிப்பறைக்குப் போனவர் அரைமணி நேரம் ஆகியும் திரும்பவில்லை என்று மேஸ்திரி புகார் எழுதுவார். இவற்றையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் அப்படி அடுக்கிப் பார்ப்பது தன் வேலை என்று ஆலைகளில் யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி மெமோவாகிக் கோப்பில் சேர்கிறது. கோப்பு தடித்ததும் உள்விசாரணை வைக்கப்படுகிறது.

அப்படி ஒரு கோப்புக்குரியவராக இருந்த பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். கடன் செயலிக்காரர்கள் அவருடைய கைபேசியிலிருந்த எண்களுக்கெல்லாம் அவதூறாகச் செய்தி அனுப்பியதோடு, ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் தொலைபேசிக்கே அழைத்து ஏசத் தொடங்கியிருந்தார்கள். சம்பள நாளன்று அவருடைய மனைவி நகை அடகு ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாயில் காவலரிடம் வந்து நின்றார். சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி வந்த சிறிது நேரத்துக்குள்ளேயே அந்தப் பணம் முழுவதும் ஆட்டத்துக்குப் போய்விடுகிறது என்பதை அவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நிர்வாகம் அந்த ஃபிட்டரிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிடலாம் என்றது.

விவரம் தெரிந்தவர்கள்கூட யோசிக்காத ஓர் இடம் இது. வேலையை விட்டால் வைப்பு நிதியும் பணிக்கொடையும் திரண்ட தொகையாகக் கைக்கு வந்து சேரும். விட்டதை ஒரே ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்ற வெறியில் இருப்பவரிடம் அதைக் கொடுத்து, நாள் முழுவதும் செய்வதற்கு வேலையும் இல்லாமல், பகலில் வீட்டில் முகம் காட்டவும் முடியாமல் அனுப்பி வைப்பதைத்தான் நாம் ஒழுங்கு நடவடிக்கை என்கிறோம். அந்தத் தொகையும் கரைந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அதைப் பலமுறை அச்சிட்டுவிட்டன.

அந்த ஃபிட்டரின் விஷயத்தில் தொழிற்சங்கத்தார் உறுதியாக நின்றதால் வேறு வழி பார்க்க முடிந்தது. இரவு ஷிப்டிலிருந்து பொது ஷிப்டுக்கு மாற்றினோம், ஏனென்றால் அவர் ஆடியதெல்லாம் இரவில்தான். உள்ளூர்க் கடைகளில் ரொக்கத்துக்கு உதிரிபாகம் வாங்கி வரும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். அவரே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, சம்பளம் ஏறியதும் பெரும்பகுதி மனைவியின் கணக்குக்குப் போகும்படி செய்தார். பட்டன் போனுக்கு மாறினார். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வர விடுப்புக் கொடுத்தோம். இடையில் ஒருமுறை சக தொழிலாளியின் கைபேசியை வாங்கி ஆடிப் பிடிபட்டார். நிர்வாகம் மறுபடியும் கடிதம் கேட்டது. நீண்ட நாள் குடித்தவர் ஒருமுறை தவறுவதை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே அது அடங்கியது. அவர் இன்றும் அதே ஆலையில் வேலை பார்க்கிறார். கடன் முழுவதும் அடையவில்லை. ஆனாலும் மாதந்தோறும் குறைந்துவருகிறது.

மருத்துவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து அன்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், சூதாட்ட அடிமைத்தனத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே தொகுப்பில்தான் வைத்திருக்கிறது. இழக்க இழக்க ஆடத் தூண்டுவது இந்த நோயின் முக்கிய அறிகுறி. ஆகவே, "இவ்வளவு போன பிறகுமா புத்தி வரவில்லை?" என்று கேட்பதால் யாதொரு பயனும் இல்லை. தடைச் சட்டம் மட்டும் இதைக் குணமாக்கிவிடாது என்பதும் நமக்குப் புதிதல்ல. 2003இல் தமிழகத்தில் லாட்டரி ஒழிக்கப்பட்ட பிறகு, வாளையாறு தாண்டிப் போய்க் கேரளச் சீட்டு வாங்கியவர்களையும் கள்ளத்தனமாக விற்ற மூன்று எண் லாட்டரியில் கூலியைத் தொலைத்தவர்களையும் எங்கள் பகுதி கண்டிருக்கிறது. இன்று உள்நாட்டுச் செயலிகள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்ட நிலையிலும் வெளிநாட்டுத் தளங்களும் கிரிக்கெட் பந்தயமும் தேடுபவருக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன.

திருடியவரையும் கையாடல் செய்தவரையும் நோயாளி என்று சொல்லித் தப்பவிட வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. எடுத்த பணத்தைத் தவணையில் பிடித்தம் செய்யட்டும். பணம் புழங்கும் பொறுப்பை மறுக்கட்டும். பதவி உயர்வைக்கூடத் தள்ளிப்போடட்டும். ஆனால் கடனைத் தவிர வேறு குற்றம் இல்லாதவரையும் ஒழுங்கீனர் என்று சேர்த்து வெளியே தள்ளுவதை ஏற்க முடியாது. இ.எஸ்.ஐ. வசதி உள்ள தொழிலாளிக்கு மருத்துவர் நோய்ச் சான்று கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கத்துக்காக மருத்துவரைப் பார்க்கலாம் என்பதே தொழிலாளிக்குத் தெரிவதில்லை; தெரிந்தாலும், சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தை நீக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் மட்டுமே இருக்கிறது.

ஆகவே, தொழிலாளர் நலத்துறை அனைத்து ஆலைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தானாக முன்வந்து சூதாட்டப் பழக்கத்தைச் சொல்லிச் சிகிச்சைக்குப் போகும் தொழிலாளியை அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்யக் கூடாது, சிகிச்சைக் காலத்தில் ராஜினாமாக் கடிதம் வாங்கக் கூடாது என்ற இரண்டு வரிகள் அதில் இருந்தால் போதும். அது வரும்வரை காத்திராமல், தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமனஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணைச் சம்பளப் பட்டுவாடா அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு ஆலையும் ஒட்டி வைக்கலாம். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர்,
கோயம்புத்தூர்.