கைப்பேசிக்கு வந்த கடன்

ஆசிரியருக்கு,

நுண்கடனும் (பிணை இல்லாமல் ஏழைகளுக்குத் தரும் சிறு கடன்) கைப்பேசி வங்கிச் சேவையும் கிராமத்து ஏழைகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பது உண்மைதான். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு இதைப் பாராட்டுகிறவர்கள் வட்டிக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

ரூ.30,000 கடன், 12 சதவீத 'ஃபிளாட்' வட்டி, 12 தவணை என்றால் மாதம் ரூ.2,800. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுவதால், உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. காப்பீடு, செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் கூடும். நுண்கடனுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வட்டியைக் குறிப்பிட்ட விவரத்தாள் தர வேண்டும்; ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது; முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. கையெழுத்திடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் வங்கியின் சார்பில் பணம் தரும் முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுப்பதில் வேறு தொல்லை. வயல் வேலையில் ரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் அடிக்கடி ஏற்பதில்லை. 'ஃபெயில்' என்று சொல்லி மறுபடி விரல் வைக்கச் சொன்னால், முதலில் ரசீதையும் குறுஞ்செய்தியையும் பாருங்கள். குறுஞ்செய்தி வராததற்குக் கணக்கில் பழைய கைப்பேசி எண் இருப்பதும் காரணமாக இருக்கலாம். பணம் கையில் வராமல் கணக்கில் கழிந்திருந்தால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு.

இணையம் இல்லாத பட்டன் போனிலும் *99# அழுத்தினால் இருப்பு தெரியும். இதை எத்தனை கிளைகள் சொல்லிக்கொடுக்கின்றன?

– வங்கித்துறை வாசகர்கள், மயிலாப்பூர், சென்னை