செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆட்ட நாள் உண்ணும் போட்டியும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் தொடங்கி 2025 மே வரையிலான நம் சங்கத்தின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கோடைக்கால ஒன்றுகூடல், தீபாவளி, பொங்கல், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் நிலைக்கு இன்னும் ஆசிரியர் கிடைக்கவில்லை. மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லலாம்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி நவம்பர் 30 சனிக்கிழமை நடந்த உண்ணும் போட்டியைப் பற்றியது. வரும் ஆண்டில் அதை நடத்தப்போவது புதிய குழு. அவர்கள் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஆன் ஆர்பரில் குடியிருப்பவர்களுக்கு மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 1897-இல் தொடங்கிய இந்தப் போட்டி இப்போது நன்றி தெரிவித்தல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை நடக்கிறது. ஒற்றைப்படை ஆண்டில் இங்கே, இரட்டைப்படை ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில். 2024-இல் ஆட்டம் கொலம்பஸில் என்பதால் நம் உறுப்பினர்கள் அரங்கத்தில் தொலைக்காட்சி முன் கூடினார்கள். ஒஹாயோவில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள் நம்மிடம் கணிசமாக இருப்பதால் இரண்டு கட்சி தானாகவே அமைந்தது. கட்சிக்கு நால்வர் கோழி இறக்கை மேசையிலும் இருவர் சோளக்கதிர் மேசையிலும் உட்கார்ந்தார்கள்.

கல்லூரிக் கால்பந்தும் சாப்பாட்டுப் போட்டியும் கைகோத்தது நம்மால் அல்ல. கலிபோர்னியாவில் புத்தாண்டையொட்டி நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத் தேர்வாகும் இரு அணிகளையும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் லாரீஸ் உணவகம் 1956-இல் மாட்டிறைச்சி விருந்துக்கு அழைக்கத் தொடங்கியது. எந்த அணி அதிகம் சாப்பிட்டது என்பதே அந்த வாரத்துப் பேச்சாக இருந்த காலம் உண்டு. தொழில்முறை ஆட்டத்தின் பக்கம் பிலடெல்பியாவின் விங் பவுல் என்ற இறக்கை தின்னும் போட்டி 1993 முதல் 2018 வரை நடந்தது. கடைசி ஆண்டில் மோலி ஷைலர் அரை மணி நேரத்தில் 501 இறக்கைத் துண்டுகள் தின்றார். நம் மேசையில் இருபதைத் தொட்டாலே கைதட்டல்தான்.

ஏன் இட்லி இல்லை

ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் எழுந்த கேள்வி இது. நம் ஊர்ப் பண்டம், சைவர்களும் உட்காரலாம், ஒரு ஈடு வைத்தால் ஐம்பது அறுபது எடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் 2024 ஓணத்தின்போது பாலக்காடு மாவட்டத்தில் நடந்த இட்லிப் போட்டியில் ஒருவர் தொண்டையில் அடைத்து இறந்தார். 2017-இல் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த பான்கேக் போட்டியில் ஒரு மாணவி இறந்தார். இரண்டும் மென்மையான மாவுப் பண்டம். ஆபத்தே அந்த மென்மையில்தான் இருக்கிறது. மெல்லாமலே விழுங்கலாம்போல் தோன்றும். உள்ளே போனதும் எச்சிலை உறிஞ்சிப் பசைபோல் ஒட்டி உருண்டையாகும். சட்னி, சாம்பார் இல்லாமல் அடுக்கினால் இன்னும் மோசம். எலும்புள்ள இறக்கையை அப்படித் திணிக்க முடியாது. கையால் பிரித்து, பல்லால் உரித்து, எலும்பைக் கீழே வைத்த பிறகே அடுத்ததைத் தொட முடியும். வேகத்துக்கு எலும்பே கடிவாளம். எலும்பில்லாத விங்ஸ் வாங்கலாம் என்ற யோசனையையும் இதே காரணத்தால் ஏற்கவில்லை. மாவு தோய்த்துப் பொரித்த நெஞ்சுக்கறி இட்லிக்கு அண்ணன்.

சைவ மேசைக்கு மக்காச்சோளக் கதிரைத் தேர்ந்ததும் இதனால்தான். அதிலும் தக்கை மிஞ்சும், கடித்துத்தான் தின்ன வேண்டும், எடை போடும் முறையும் ஒன்றே. பாதியாக நறுக்கிய கதிர், ஆளுக்கு 10. வெண்ணெய் தடவக் கூடாது. கை வழுக்கி நேரம் போகிறது என்று முறையீடு வரும்.

எண்ணிக்கை வேண்டாம், எடை போடுங்கள்

எலும்பை எண்ணி வெற்றியாளரைச் சொன்னால் சண்டை நிச்சயம். ஒருவர் எலும்பு வெள்ளையாகும்வரை சுரண்டுவார். இன்னொருவர் இரண்டு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். எண்ணிக்கையில் இரண்டாமவர் ஜெயிப்பார். எடையில் அந்தத் தந்திரம் பலிக்காது, மிச்ச இறைச்சி தட்டிலேயே கனக்கும்.

முறை இது. எண் ஒட்டிய அலுமினியத் தட்டில் 30 துண்டு வைத்து, அதோடு 10 பேப்பர் நாப்கினையும் சேர்த்து எடை போட்டுத் தாளில் எழுத வேண்டும். மணி அடித்ததும் எலும்பு, மிச்சம், கீழே விழுந்தது, பயன்படுத்திய நாப்கின், பயன்படுத்தாத நாப்கின் எல்லாம் அதே தட்டுக்குத் திரும்பி மீண்டும் தராசேற வேண்டும். வித்தியாசமே உண்ட எடை. நாப்கின் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. கொழுப்பையும் சாறையும் துடைத்த தாள் குப்பைக்குப் போனால் அந்த எடையும் வயிற்றுக்குப் போனதாகக் கணக்கில் ஏறிவிடும். தண்ணீர்க் கோப்பையை மட்டும் தட்டுக்கு வெளியே, எதிர்ப்பக்கம் வையுங்கள். தட்டில் தண்ணீர் சிந்தினால் அவர் உண்டது குறைவாகக் காட்டும்.

5 கிலோ வரை, 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு மேசைக்கு ஒன்று போதும். அதைச் சமதளத்தில், வெப்பக் காற்று வீசும் துவாரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். காற்று பட்டால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். இருவருக்கிடையே 5 கிராமுக்குள் வித்தியாசம் என்றால் சமன். இந்த விதியை முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள், பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சமையல்

உறைந்த இறக்கைத் துண்டு 40 பவுண்டுப் பெட்டியாக வரும், உள்ளே 10 பவுண்டுப் பைகள் நான்கு. பவுண்டுக்குச் சுமார் 10 துண்டு. எட்டுத் தட்டுக்கு 240 துண்டு போக மீதி பார்வையாளர்களுக்கு. எல்லாரும் சாப்பிட வசதியாக ஹலால் இறைச்சியே வாங்கினோம். முஸ்லிம்கள் நிறைய வாழும் டியர்பார்ன் நகரம் அருகில் இருக்கும்போது அதில் சிரமமே இல்லை.

சிரமம் குளிர்பதனப் பெட்டியில். 10 பவுண்டுப் பை உள்ளிருந்து உருக இரண்டு முழு நாளுக்கு மேல் வேண்டும், அதுவும் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே. ஆனால் வியாழன் நன்றி தெரிவித்தல் நாள் என்பதால் அரங்கச் சமையலறைப் பெட்டி முழுக்க வேறு குழுவினரின் வான்கோழி. வெள்ளி இரவு பைகளின் நடுப்பகுதி கல்லாக இருந்தது. குழாயடியில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு உருக்க வேண்டியதாயிற்று. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றக் கூடாது. வெளிப்புறம் கெட்டுப்போகும், நடுப்பகுதி அப்படியே இருக்கும்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி, பவுண்டுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் உப்பும் பிசறி, கம்பித் தட்டில் பரப்பி, 425 டிகிரி அடுப்பில் 40 முதல் 45 நிமிடம். பாதியில் புரட்டிப் போட வேண்டும். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் தோல் மொறுமொறுப்பாகாமல் அவிந்துவிடும். உள் வெப்பம் 165 டிகிரி என்பது சட்டத்தின் அளவு. இறக்கையை அதற்கு மேலும் விட்டால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். வெந்ததும் வெப்பம் காக்கும் பெட்டியில் 135 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெட்டி மூடியைச் சற்றே திறந்து வைக்காவிட்டால் நீராவியில் தோல் தொளதொளக்கும், முழுக்கத் திறந்தால் ஆறிவிடும்.

செட்டிநாட்டு மிளகு மசாலா போடலாமே என்று கேட்டவர்கள் பலர். பார்வையாளர் தட்டில் தாராளமாகப் போட்டோம், மேசையில் இல்லை. வேகமாகத் தின்பவர் உலர்ந்த மிளகுத்தூளை மூச்சோடு இழுத்தால் இருமல் வரும், வாய் நிறைய இறைச்சியோடு இருமுவது புரையேறலுக்கு நேர்வழி. போட்டித் தட்டில் உப்பு மட்டும்.

இருபது நிமிடம்

கல்லூரி ஆட்டத்தின் இடைவேளை 20 நிமிடம். இதற்குள் தட்டு வைப்பது 2, உண்பது 6, எடை போடுவது 6. மீதி 6 நிமிடம் துடைப்பதற்கும் வாக்குவாதத்துக்கும். உண்ணும் நேரத்தைத் தொழில்முறைப் போட்டிபோல் 10 ஆக்கினால் எடையும் வாக்குவாதமும் முடிவதற்குள் மூன்றாம் கால்பகுதி தொடங்கிவிடும்; நடுவர்கள் உட்பட எல்லாத் தலையும் திரைப்பக்கம் திரும்பிவிடும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் இரண்டாம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடம். திரையில் 2:00 என்று தெரிந்ததும் தட்டுகளை வெளியே எடுக்கத் தோன்றும். 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் இரண்டு நிமிட நிறுத்தம் வந்துவிட்டது. அதன் விளம்பரம், அணிகள் கேட்கும் நிறுத்தங்கள், எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடுவது எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு நிமிடம் பத்து நிமிடத்தைத் தாண்டும். அதற்குள் இறக்கை ஆறி, கொழுப்பு உறைந்து, தோல் ரப்பராகிவிடும். ஆகவே முதல் பாதி முடியும் விசில் வரை பெட்டியைத் தொடக் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு பரிமாறுபவர் என்று நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் வைத்துவிடலாம். நாற்காலி, எண் அட்டை, தண்ணீர், வாளி எல்லாம் முன்பே மேசையில் இருக்கட்டும்.

இணைய ஒளிபரப்பு கேபிளைவிட அரை நிமிடம்கூடப் பின்தங்கும். கைபேசியில் ஸ்கோர் பார்ப்பவர் முன்கூட்டியே கத்தினால் நடுவரின் கைக்கடிகாரமும் குழம்பும். விசிலைத் திரையில் பார்ப்பவர் ஒருவரே சைகை தர வேண்டும்.

இடைவேளையில் ஸ்கோர் 10–10. மேசையில் ஒஹாயோக் கட்சி முந்தியது. கொலம்பஸில் மிச்சிகன் 13–10 என்று வென்றது. லாரீஸ் விருந்தை வைத்து ஜோசியம் சொன்னவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு

முதலுதவிச் சான்றிதழ் உள்ள இருவர், மேசைக்கு ஒருவராக, போட்டியாளரின் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும்; ஆட்டத்தைப் பார்ப்பவரை இந்த வேலைக்குப் போடாதீர்கள். இருமுகிறவரை இருமவிடுங்கள். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்தால் முதுகில் 5 தட்டு, வயிற்றில் 5 அழுத்தம், அடைப்பு வெளியேறும்வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் உடனே 911-ஐ அழைக்க வேண்டும். மேசைக்கும் சுவருக்கும் இடையே ஆள் பின்னால் நிற்கும் அளவு இடம் இல்லாவிட்டால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. அரங்கத்தார் போட்டுத் தந்த மேசைகளை நாம் நான்கடி முன்னால் இழுத்தது அதற்காகத்தான்.

பதினெட்டு வயது நிரம்பாதவர், கர்ப்பிணிகள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர், வயிற்று அறுவைச் சிகிச்சை செய்தவர், இன்சுலின் போடுபவர், எடைக் குறைப்பு ஊசி எடுப்பவர் உட்காரக் கூடாது. கடைசியாகச் சொன்ன ஊசி வயிறு காலியாவதையே தாமதப்படுத்தும். படிவத்தில் இதைத் தனிக் கேள்வியாகக் கேட்டால்தான் பதில் வரும். மது அருந்திவிட்டு வந்தவருக்கும் இடமில்லை. மணி அடித்தபின் வாயில் இருப்பதை விழுங்க 30 நொடி. வாந்தி எடுத்தால் தகுதி நீக்கம், வருத்தம் தெரிவித்து வாளியை நீட்டவும்.

தண்ணீர் குடித்து வயிற்றை விரிக்கும் பயிற்சி பற்றிச் சிலர் கேட்டார்கள். கூடவே கூடாது. 2007-இல் சாக்ரமென்டோ வானொலி நிலையம் ஒன்று நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் ஒரு பெண் இரத்தத்தில் சோடியம் சரிந்து இறந்தார். அதே ஆண்டு வெளியான ஆய்வில், பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு தொழில்முறை உண்பவரை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, 10 நிமிடத்தில் 36 ஹாட்டாக் தின்ற அவருடைய இரைப்பை சுருங்கி வேலை செய்யாமல் வெறும் பைபோல் விரிந்து கிடந்தது. நம் பரிசோ ஒரு எவர்சில்வர் தூக்கு.

அனுமதியும் செலவும்

பொதுமக்களுக்கு உணவு தருவதால் மாவட்டச் சுகாதாரத் துறையின் தற்காலிக உணவு உரிமம் வேண்டும். சமையல் இடம், கை கழுவும் ஏற்பாடு, வெப்பமானி ஆகியவை விண்ணப்பத்தில் கேட்கப்படும். கடைசி வாரத்தில் கொடுத்தால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பெரிய செலவு இறைச்சி அல்ல, ஒருநாள் காப்பீடு. உண்ணும் போட்டி காப்பீட்டுக்குள் வருமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "எல்லாம் வரும்" என்பது செல்லாது. கோழிக் கொழுப்பைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று அரங்க ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. டப்பாவில் உறையவைத்துக் குப்பையில் போட்டோம்.

வரும் ஆண்டுக்கு

2025 நவம்பர் 29 ஆட்டம் இங்கேயே. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கை. அன்று சாலைகள் அடைபடும், தொண்டர்களில் பாதிப்பேர் நுழைவுச்சீட்டு வைத்திருப்பார்கள். அதே நாளில் போட்டி வைப்பது இயலாது; மிச்சிகன் வெளியூரில் ஆடும் வேறொரு சனிக்கிழமை வேண்டும். அக்டோபர் 25-இல் ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட்டம் இருந்தாலும், தீபாவளி அக்டோபர் 20 திங்கள் என்பதால் நம் விழா அந்தச் சனிக்கிழமைக்குத்தான் வரும். ஆகவே மேரிலாந்தில் ஆட்டம் நடக்கும் நவம்பர் 22-ஐச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வான்கோழிகள் வருவதற்கு முந்தைய வாரம், குளிர்பதனப் பெட்டியும் காலியாக இருக்கும். தொடக்க நேரத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலும் 12 நாளுக்கு முன்தான் அறிவிக்கும், சில சமயம் 6 நாளுக்கு முன். எனவே அரங்கத்தை நாள் முழுவதற்கும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் வாடகைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். இரண்டாவது தராசு ஒன்று இரவலாக வந்தது, அதைச் சங்கத்துக்கே வாங்கவும் அனுமதி வேண்டும்.

அடுப்படியில் நின்றவர்கள், தட்டு சுமந்தவர்கள், ஆட்டத்தைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்த இரு முதலுதவியாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. மேற்கண்ட இரு கோரிக்கைகளையும் தலைவர் அவர்கள் வாக்கெடுப்புக்கு விடுமாறு கேட்டுக்கொண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்