அப்பாவின் காரியத்துக்கு வந்த கேம்ப் ஜனங்களுக்கு

பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால் இரண்டாவது போனிலேயே அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வில்லிவாக்கத்தில் எங்கள் சந்துக்குள் அத்தனை பேர் வருவீர்கள் என்று நினைக்கவே இல்லை. அண்ணனிடம் இருந்தது நாலு நம்பர்தான். ஆந்திராவில் கிருஷ்ணா நதியின் ஸ்ரீசைலம் அணையில் அப்பாவோடு கம்பி கட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடிவதற்குள் ஆவடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து நின்றீர்கள். "தகர ஷெட்டு மூணாவது வரிசை மேஸ்திரி வீடு எது?" என்று ஒருவர் கேட்க, டீக்கடைக்காரர் முழித்தாராம். அவருக்கு அப்பா வாட்ச்மேன் தாத்தாதானே.

அணை வேலைக்காரர்களின் கேம்ப் இருந்த சுன்னிப்பெண்டாவில் நாங்கள் இருந்தது 1970களில். பாறைக்கு வெடி வைக்குமுன் சைரன் ஊதினால், யார் பிள்ளை என்று பார்க்காமல் கையில் சிக்கியதை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அம்மா மணல் சுமக்கப் போனால் தங்கை பக்கத்து ஷெட்டுப் பின்னியின் (தெலுங்கில் சித்தி) சேலைத் தூளியில். அப்பாவுக்கு விரல் போனபோது கான்ட்ராக்டர் இரண்டு வாரக் கூலியோடு கணக்கை முடித்துவிட்டார்; மூன்று மாதம் எங்கள் அடுப்பு எரிந்தது உங்கள் அரிசியில்.

அந்தப் பின்னி, முட்டி வலியோடு, கர்னூலிலிருந்து ரயிலேறி வந்தார். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் சோற்றை உள்ளங்கையில் உருட்டி, "தினு, தினு" (சாப்பிடு, சாப்பிடு) என்று அதட்டினார். அம்மா சாப்பிட்டாள். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் நடக்காதது அது. (மாலையைப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பிய சொந்தக்காரர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.)

ஃப்ரீசர் பாக்ஸுக்கு யார் பணம் கட்டினீர்கள் என்று இன்னும் தெரியவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். பாத்திரம் கழுவிய பெண்களுக்கும், மின்மயானம் வரைக்கும் அம்மாவின் கையை விடாத அத்தைக்கும் என்ன சொல்வது.

1996இல் கிருஷ்ணா தண்ணீர் முதலில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கு வந்ததிலிருந்து, குழாயைத் திறக்கிறவர்களிடமெல்லாம் அப்பா "எங்க டேம்ல நின்னுட்டு வர்ற தண்ணி" என்பார். குளிப்பாட்டும்போது ஆவடி மாமா ஒரு குடத்தைத் தூக்கி, "மேஸ்திரி, உன் தண்ணிதான்யா" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம்.

அப்புறம், எவர்சில்வர் தூக்கு ஒன்று இங்கேயே நின்றுவிட்டது. மூடியில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. அம்மா கழுவி வைத்திருக்கிறாள், காலியாகக் கொடுக்கக் கூடாதாம். யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.