மிருதங்கத்தை வீட்டிலேயே வை

புணே
மாசி 20

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்தது. கோமதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச்சொல். நீயும் ஓய்வு பெற்றாயிற்று, இனி அலுவலகத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை வாரி என்கிற பாதயாத்திரை நடக்கப்போகிறேன், மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதிக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் நாள் கணக்கு. ஆஷாட சுக்ல ஏகாதசிக்குப் பண்டரிபுரத்தில் இருக்கவேண்டும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள். ஆங்கிலத் தேதி நிலையாக நிற்காது: 2023 இல் ஜூன் 29, 2024 இல் ஜூலை 17, 2025 இல் ஜூலை 6. ஜேஷ்ட கிருஷ்ண சப்தமியில் துக்காராமின் பாதுகையைச் சுமந்த பல்லக்கு தேஹுவைவிட்டுக் கிளம்பும். மறுநாள் அஷ்டமியில் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து. நீ சேரப்போவது இரண்டாவதில். சுமார் 250 கிலோமீட்டர், 17 அல்லது 18 நாள். கணக்குப் பார்த்தால் நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். தூரம் பிரச்சினை இல்லை, வேகம்தான். லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவே மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் நகர முடியும். கெண்டைக்கால் தசையும் இடுப்பும் வீசி நடப்பதைவிட இந்தக் குட்டி அடிகளுக்குத்தான் அதிகம் வலிக்கும். காலையில் மெரினாவில் வேகமாக நடந்து பழகியவர்கள் மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

தனியாக நடக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பாட்டு வேண்டும் என்றால் திண்டியில் சேரவேண்டும். திண்டி என்பது நம் பஜனை கோஷ்டி மாதிரிதான், எண் கொடுத்து வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். பல்லக்கை ஏற்றிய தேருக்கு முன்னால் 27 திண்டிகள், மற்றவை பின்னால். இந்த ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் ஹைபத்ராவ் பாபா. சிந்தியாவின் படையில் இருந்தவர். அணிவகுப்பைப் பார்த்தால் படைக்காரர் கை தெரியும். கொடி பிடிப்பவர்கள் முன்னால், அடுத்து வரிசை வரிசையாகத் தாளக்காரர்கள், நடுவில் பக்வாஜ் என்கிற இருமுக மேளம், பின்னால் வீணை. அதற்கும் பின்னால் தலையில் துளசி மாடத்தோடு பெண்கள். வாரி நடக்கும் வாரகரிகள் பக்வாஜை மிருதங் என்றே சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பி ஏமாறாதே.

சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்குமான பங்குப் பணத்தை பிசி என்பார்கள். முன்கூட்டியே கட்டிப் பெயர் எழுதிக்கொள்ளவேண்டும். மூட்டையும் படுக்கையும் திண்டியின் லாரியில் போகும். ஆளுக்கு ஒரு பை, அதில் பெயரும் திண்டி எண்ணும் பெயின்டால் எழுதியிருக்கட்டும், மழையில் காகிதச் சீட்டு நிற்காது. அந்த எண்ணை மராத்தியில் சொல்லப் பழகிக்கொள். தங்குமிடங்களில் செல்போன் சமயத்தில் கிடைக்காது. வழி கேட்க அந்த எண் ஒன்றே போதும்.

இப்போது மிருதங்கத்துக்கு வருகிறேன். உன் பலாக்கட்டை வாத்தியம் பத்துக் கிலோ இருக்கும். உஞ்சவிருத்தியில் இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு தெரு வாசிப்பது வேறு, எட்டு மணி நேரம் கழுத்தில் தொங்கவிடுவது வேறு. எடை முழுக்க முன்பக்கம் இழுக்கும், உடம்பு தன்னால் பின்னால் சாயும். இரண்டாம் நாளே கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும். எடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மழையை என்ன செய்வாய்? ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வார் இழுபடும். நீ கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டி ஏற்றுவாய். ஒரு மணி நேரத்தில் வெயில் வரும், ஏற்றிவைத்த தோல் காய்ந்து இன்னும் இறுகும். விளிம்பில் கிழிவதும் நடுவிலுள்ள கறுப்புக் கரணை பொரிந்து உதிர்வதும் அப்போதுதான். பாதி வழியில் தோல் மூட்டு மாற்றித் தர அங்கே யாரும் இல்லை.

பக்வாஜ்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் ஒரு திண்டியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி வாசிப்பார்கள், தூறல் விழுந்ததும் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுவார்கள். வாருக்குப் பதில் நட்டு போல்ட் வைத்தவையும் உண்டு. எடை கூடும், ஆனால் ஸ்பேனர் இருந்தால் சுருதி சரிசெய்துவிடலாம். நம் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ரவை மாதிரி அவர்கள் இடந்தலைக்குக் கோதுமை மாவு பூசுகிறார்கள். ரவையைவிட அளவு அதிகம், ஒரு கைப்பிடி. சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசையவேண்டும். கெட்டியாக இருந்தால் வாசிக்கும்போதே விளிம்பு விட்டுத் தெறிக்கும். நீர்த்துப்போனால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்துபோனால் கும்கி என்கிற அடித்தொனி செத்துவிடும், சுரண்டிவிட்டுப் புது மாவு வைக்கவேண்டும். உனக்கு வாசிக்கக் கை அரித்தால், இரவு தங்குமிடத்தில் மாவு பிசைந்து கொடுத்துப் பக்வாஜ்காரரோடு சிநேகம் பிடித்துக்கொள். பழகிவிட்டால் ஒரு அபங்கத்துக்கு, அவர்களுடைய மராத்திப் பக்திப்பாட்டுக்கு, அவரே உன் கழுத்தில் மாட்டிவிடுவார்.

மாட்டினால் ஒரு எச்சரிக்கை. எட்டு மாத்திரைதான், ஆதி தாளத்தில் ஊறிய கைக்குப் புதிதில்லை. ஆனால் தீர்மானம், கோர்வை என்று அடுக்கி முடிக்கும் வித்தை எதுவும் கூடாது. உன் கோர்வை சமத்துக்கு, தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்து சேரும்வரை முன்னால் போகிற நாற்பது பேருக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. அங்கே லயம் கேட்பதற்கு இல்லை, நடப்பதற்கு. கச்சேரிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆகும்.

அதனால் நீ எடுத்துவரவேண்டியது தாளம். அவர்கள் டாள் என்பார்கள். நம் ஜால்ராவைவிடப் பெரிசு, கனமும் கூடுதல், ஜோடி அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. கும்பகோணத்தில் வாங்காதே, ஆளந்தியிலேயே கிடைக்கும். திண்டியில் மற்றவர்கள் வைத்திருக்கும் அளவிலேயே வாங்கு, இல்லாவிட்டால் உன் சத்தம் தனியாகத் துருத்தும். நேருக்கு நேர் அறைந்தால் நடுவில் காற்று அடைத்துக்கொண்டு மொட்டையாகக் கேட்கும். சற்றுச் சாய்த்து, விளிம்பில் தட்டு. ஓங்கி அறைந்தால் விளிம்பில் கீறல் விழும், கீறல் விழுந்த வெண்கலம் தகரம்தான். கயிற்றை ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடிக்கும் இடத்தில் இரண்டாம் நாள் கொப்புளம் வரும். வருவதற்கு முன்பே பருத்தி பிளாஸ்திரி ஒட்டிக்கொள். வியர்வையில் கயிறு நைந்துபோகும், ஒரு மீட்டர் பருத்திக் கயிறு கூடுதலாகப் பையில் இருக்கட்டும். காதுக்குப் பஞ்சு. ஐம்பது ஜோடிக்கு நடுவில் நாள் முழுக்க நின்றால் ராத்திரி படுத்தாலும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு கையிலும் தாளம் இருக்கும்போது குடை பிடிக்க முடியாது. தலை வழியாக மாட்டும் மழைக்கோட்டுதான், கை இல்லாதது.

பாட்டு வரிசையை நீ தீர்மானிக்க முடியாது, திண்டித் தலைவரும் இஷ்டத்துக்கு மாற்றமாட்டார். விடியற்காலையில் காகட ஆரத்தி. கிளம்பும்போது நாம பஜனை, பிறகு ரூபத்தைப் பாடும் அபங்கங்கள், பூபாளி என்கிற பள்ளியெழுச்சிப் பாட்டுகள், வாசுதேவன், குருடன், முடவன் வேஷத்தில் பாடுபவை, கௌளணி என்கிற கோபிகைப் பாட்டுகள். அந்தந்தக் கிழமைக்கு என்று தனி அபங்கங்கள் உண்டு. பிற்பகலில் ஞானேஸ்வரரின் ஹரிபாட், 27 அபங்கம். இந்த 27ஐ மட்டும் இப்போதே மனப்பாடம் செய்ய ஆரம்பி, நாளுக்கு ஒன்று என்றாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நம் பஜனை மடங்களில் பாடும் அபங்கத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. நம்மவர்கள் ராகத்தை இழுத்து, பிருகா போட்டுப் பாடுவார்கள். அங்கே ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் முழுக் குரலில் வாங்கிப் பாடுவார்கள், சுருதியும் மேலே. தொண்டையால் கத்தினால் ஐந்தாம் நாள் குரல் போய்விடும். ஒரு வரியைப் பாடு, அடுத்ததை விட்டுப் பிடி, கூட்டத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

வீணையைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பூரா மாதிரி இருக்கும், கழுத்தில் மாட்டியிருப்பார்கள். அதைத் தரையில் வைக்கும் வழக்கமே இல்லை. ஒருவர் காலை ஒருவர் தொட்டுக் கும்பிட்டுக் கைமாற்றுவார்கள். மரியாதைக்காக உன்னிடம் நீட்டினால் வாங்கிக்கொள், ஆனால் அடுத்த ஆள் வரும்வரை தேநீர், கழிப்பறை எல்லாவற்றையும் மறந்துவிடவேண்டியதுதான்.

காலுக்கு வருவோம். ஆளந்தியைவிட்டால் புணேயில் இரண்டு இரவு. அதற்கடுத்த நாள் சாஸ்வட் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் திவே காட். முழு வாரியிலும் கடினமான நாள் இதுதான், அதுவும் உடம்பு பழகும் முன்பே வந்துவிடும். நாலைந்து கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, தேருக்கே கூடுதல் ஜோடி மாடுகள் பூட்டுவார்கள். ஏற்றத்தில் பாடாதே, தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டு போ. சாஸ்வடில் மறுநாள் ஓய்வு, சோபான் தேவரின் சமாதி அங்கேதான். ஜேஜுரி தாண்டி நீரா நதியில் பாதுகைக்கு ஸ்நானம் முடிந்தால் லோணந்த், தரட்கான், பல்டண் என்று தட்டையான பாதை.

தட்டை என்றால் தார். மழை பெய்யாத நாளில் கொதிக்கும். வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்த்து உனக்கும் ஆவேசம் வரும், வேண்டாம். பின்பக்கம் வார் வைத்த சாண்டல், இரண்டு மாதமாவது போட்டுப் பழகியது, அரை அளவு பெரிசு. பாதம் தினமும் வீங்கும். ஷூ ஒரு தடவை நனைந்தால் இரண்டு நாள் காயாது, கொப்புளம் வருவதே ஈரமும் உரசலும் சேர்ந்தால்தான். வேட்டி நனைந்து தொடையில் அறுக்கும், உள்ளே முழங்கால் வரை பருத்தி டிராயர் போட்டு, காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். ராத்திரி விரலிடுக்கைத் துடைத்துக் காயவைத்து, பவுடர் போட்ட பிறகுதான் தூக்கம். குடிதண்ணீரில் எச்சரிக்கையாக இரு, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இருபது வைத்துக்கொள்.

பயிற்சிக்கு எட்டு வாரம் இருக்கிறது என்று வை. கடைசி மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் அடுத்தடுத்து இருபது கிலோமீட்டர், மெதுவாக, கையில் ஜால்ராவோடு, வாய்விட்டுப் பாடிக்கொண்டு. தெருவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வழியில் தேநீருக்கு நின்று பின்தங்கிவிட்டால் சாலை ஓரமாகவே போய் உன் திண்டியைப் பிடி, இன்னொரு திண்டிக்குள் புகுந்து போகாதே. யாரையும் எதற்கும் "மாவுலி" என்று கூப்பிடு, அம்மா என்று அர்த்தம். ஆண், பெண், போலீஸ்காரர் எல்லோரும் மாவுலிதான்.

வழியில் ரிங்கண் என்று ஒரு சடங்கு உண்டு, பரவி நிற்கும் ஜனத்துக்கு நடுவே குதிரை வட்டமாக ஓடும். அங்கலியிலிருந்து வரும் இரண்டு குதிரைகள், ஒன்றில் ஆள் ஏறுவதில்லை, ஞானேஸ்வரரே அமர்ந்திருப்பதாக ஐதீகம். அது ஓடி முடித்த பிறகு குளம்படி மண்ணுக்காகக் கூட்டம் பாயும். அந்த நிமிஷத்தில் குனியாதே. வேளாபூர் பக்கம் சரிவில் எல்லோரும் ஓடுவார்கள். தாளத்தை மடியில் முடிந்துகொண்டு ஓடு.

உனக்கு ரொம்பப் பிடிக்கப்போவது சாயங்கால சமாஜ ஆரத்தி. எல்லாத் திண்டியும் கூடி ஆயிரக்கணக்கான தாளங்கள் முழங்கும்போது சோப்தார் என்கிற கட்டியக்காரர் தன் தண்டத்தை உயர்த்துவார். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். எந்தத் திண்டிக்காவது குறை இருந்தால் அது மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே போய்க் கேட்டுத் தீர்த்துவைத்தால்தான் நிறுத்துவார்கள். தொலைந்த சாமான் அறிவிப்பும் அப்போதுதான். உன் கண்ணாடிக்கூட்டில் திண்டி எண் எழுதிவை.

ராம நவமிக்குள் முடிவு சொல், பெயர் கொடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் பாலு

பி.கு.: ஏகாதசி அன்று ஊர் திரும்ப டிக்கெட் போடாதே. தரிசன வரிசையே பல மணி நேரம் ஆகும், கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புபவர்கள்தான் பாதிப் பேர். பௌர்ணமியில் பண்டரிபுரத்தை அடுத்த கோபாலபுரத்தில் காலா என்கிற பிரசாதச் சடங்கு முடிந்த பிறகு கிளம்பு. குர்டுவாடி ஜங்ஷன் ஐம்பது கிலோமீட்டர், சென்னை ரயில் அங்கே கிடைக்காவிட்டால் சோலாப்பூரில் ஏறு.