பெட்டியை விடச் சொல்கிறாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் வாங்கியாகிவிட்டது.

போனில் நீ சொன்னதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, செருப்புத் தைக்க ஆள் வந்து நின்றிருந்தார். "இனி எதற்கப்பா தெருவில் உட்கார வேண்டும், மாதாமாதம் நான் அனுப்புகிறேன்" என்றாய். அனுப்புவாய், தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, கண்ணு. மெட்ரோவுக்காக வடசென்னையில் நம் டி.எச். ரோட்டை, அதான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை, தோண்டிப் போட்ட வருடங்களில் அந்தப் புழுதிக்கு நடுவே உட்கார்ந்தவன் நான். வெயில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: செருப்பைக் கழற்றிக் கையில் கொடுக்காமல் காலால் தள்ளுகிறவர்கள், நீட்டிய கையில் வைக்காமல் காசைப் பெட்டிமேல் போடுகிறவர்கள். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அந்தக் கால்களுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. கூச்சம் அவர்களுக்கு வரட்டும். நான் ஏன் எழுந்து போக வேண்டும்?

வேலை குறைந்திருப்பது உண்மைதான். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கிவிட்டது. ஆபீஸ் போகிறவர்களே துணி ஷூ போடுகிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் கறுப்பு ஷூ வரும். மழைக்காலத்தில் வார் அறுந்த செருப்பு வரும். எப்போதாவது நல்ல தோல் ஷூ வந்தால் கைக்குத் திருவிழா. கயிற்றை உருவி, மடிப்பில் நிற்கும் மண்ணைத் தட்டிவிட்டு, பாலிஷைத் துளியாகத்தான் எடுக்க வேண்டும். அப்பினால் தூசிதான் ஒட்டும். காயவிட்டு, பிரஷ் போட்டு, முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியை இழுத்தால் முகம் தெரியும். அவசரக்காரர்கள் காயவிடுவதில்லை, அப்புறம் பாலிஷ் டப்பாவைக் குறை சொல்வார்கள்.

தெருவோரத்தை அப்புறப்படுத்த வந்தவர்கள் என் பெட்டியைத் தூக்கிப் போனதை அம்மா சொல்லியிருப்பாள், அதில்தான் நீ பயந்துவிட்டாய். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்கிறவனுக்கு மட்டும் அல்ல, என்னைப்போல் கைவேலை செய்து கொடுக்கிறவனுக்கும் உண்டு. அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுத்துப்போன பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெடாத பொருளை இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். சங்கத்துத் தம்பி ஒருவர் இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டியபோது, "உனக்கெல்லாம் சட்டம் தெரிகிறதா?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர். தெரிகிறது என்றேன். குத்தூசியும் செருப்பை மாட்டி அடிக்கும் இரும்பும் திரும்பி வந்தன. பெரியமேட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய தோல் துண்டுகள் வரவில்லை.

பணம் அனுப்பியே தீருவேன் என்றால் ஒரு பெரிய குடையாக வாங்கி அனுப்பு. கம்பி கனமாக இருக்கட்டும், இங்கே கடல் காற்றுக்குச் சாதாரணக் குடை மடங்கிவிடுகிறது. பொங்கலுக்கு வரும்போது மாப்பிள்ளையின் பழுப்பு ஷூவை மறக்காமல் எடுத்து வா. அடி பிரிந்திருந்ததைப் போன தடவையே பார்த்தேன். பசை போட்டு ஒட்டிவிடப் போகிறார், வேண்டாம் என்று சொல். அதைத் தைக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா